முகவரிப் பதிவேடு யார் கையில்?

மொரீஷியஸ் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கரும்பு. நம் முன்னோரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய், ஒப்பந்தக் கூலிகளாக்கி, துரைமார் கரும்பு வெட்ட வைத்த தீவு அது. அந்தத் தீவில் எபேன் என்றொரு ஊர். அங்கே ஆப்ரினிக் என்ற சங்கத்தின் அலுவலகம் இருக்கிறது. அது கரும்புச் சங்கமல்ல, பதிவேட்டுச் சங்கம். ஆப்பிரிக்கக் கண்டத்தின் இணைய எண்கள் யார் யார் பெயரில் இருக்கின்றன என்று எழுதி வைப்பதே அதன் வேலை.

2021 ஜூலையில் அந்தச் சங்கத்தின் பாங்குக் கணக்கை மொரீஷியஸ் நீதிமன்றம் முடக்கியது. ஒரு கண்டத்துக்கே கணக்கெழுதும் அலுவலகம், வேலை செய்வோருக்குச் சம்பளம் கொடுக்க வழி தேடி நின்றது. வழக்குப் போட்டது யார்? ஏதேனும் வல்லரசா? இல்லை. அந்தச் சங்கத்திலேயே உறுப்பினராக இருந்த ஒரு கம்பெனி!

"கம்ப்யூட்டர்க்காரர்கள் சண்டை, நமக்கென்ன?" என்று தோழர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிட வேண்டாம். கூட்டுறவுச் சங்கம் என்றால் என்ன, அதற்குள் பணக்காரன் எப்படி நுழைகிறான், தேர்தலன்று யார் பெயரில் யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. அந்தப் பாடம்தான் இங்கே உலக அளவில் நடக்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடிதம் போய்ச்சேர வீட்டுக்குக் கதவு எண் வேண்டும். அதுபோல, இணையத்தில் சேருகிற ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஓர் எண் வேண்டும். ஒரே எண்ணை இரண்டு பேர் வைத்துக்கொண்டால் கடிதம் தவறான வீட்டுக்குப் போகும். ஆகவே எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று ஒரே பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அந்தப் பதிவேட்டை வைத்திருப்போருக்குப் போலீஸ் இல்லை, பட்டாளம் இல்லை. உலகத்திலுள்ள இணையக் கம்பெனிகள் அனைத்தும் அதைப் பார்த்து நடப்பதென்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவ்வளவுதான் அதன் பலம்.

பழைய முறையில் இந்த எண்கள் மொத்தம் 429 கோடி. 1980 வாக்கில், ஆராய்ச்சிக்கூடங்களுக்குள் மட்டும் இணையம் இருந்தபோது, இது கடல் போலத் தோன்றியது. அமெரிக்காவில் ஜான் போஸ்டல் என்ற அறிஞர், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் உட்கார்ந்து கணக்கு வைத்திருந்தார். கேட்டவருக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் கேட்கத் தெரிந்தவர் யார்? அமெரிக்க ராணுவம், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், அமெரிக்கக் கம்பெனிகள். எம்.ஐ.டி. கல்விக்கூடத்துக்கு 1 கோடியே 67 லட்சம். மோட்டார் செய்யும் போர்டு கம்பெனிக்கு அதே அளவு. ஆப்பிளுக்கு அதே அளவு. புருடென்ஷியல் என்ற இன்ஷூரன்சுக் கம்பெனிக்குக்கூட அதே அளவு! போஸ்டல் மீது குற்றமில்லை. காசு வாங்கவில்லை, வஞ்சகம் செய்யவில்லை. ஆனால் முதலில் வந்தவனுக்கு முதலில் என்றால், கேட்கவே தெரியாதவன் கடைசியிலும் வர முடியாது. புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கொடுத்த நாட்களில் நம் ஊர்ச் சேரியில் எத்தனை பேர் மனுப்போட்டார்கள்?

விளைவைப் பாருங்கள். அமெரிக்காவிடம் இந்த எண்கள் ஏறக்குறைய 160 கோடி; அங்கே மக்கள் 34 கோடி. ஆப்பிரிக்கா முழுவதற்கும் சுமார் 12 கோடி. அங்கே மக்கள் 150 கோடி அளவில். அமெரிக்க ராணுவம் ஒன்றே ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதையும்விட அதிக எண்களை வைத்திருக்கிறது. நம் நாட்டுக்கு? 140 கோடி மக்களுக்கு 4 கோடி அளவில். நம் கைப்பேசிகளெல்லாம் எப்படி ஓடுகின்றன என்று கேட்கலாம். ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் வைப்பதுபோல, ஓர் எண்ணுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பேரை அடைத்து ஓட்டுகிறார்கள். அதில் ஒருவன் தப்புச் செய்து அந்த எண்ணுக்குத் தடை விழுந்தால், மற்றவர்களுக்கும் கதவு அடைபடும். விசாரணைக்கு வரும் போலீசுக்கும் வெறும் எண்ணைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

போஸ்டலுக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1998-இல் கலிபோர்னியாவில் ஐகான் என்ற லாப நோக்கமற்ற சங்கம் அமைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் போஸ்டல் மறைந்தார். உலகப் பதிவேட்டின் தலைப் பக்கம் ஐகானிடம். ஐகானின் கடிவாளம் அமெரிக்க வர்த்தக இலாகாவிடம். கீழே ஐந்து வட்டாரங்களுக்கு ஐந்து சங்கங்கள். ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ரைப்; ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் ஏப்னிக்; வட அமெரிக்காவுக்கு ஆரின்; தென் அமெரிக்காவுக்கு லாக்னிக்; கடைசியாக 2005-இல் அங்கீகாரம் பெற்றது ஆப்பிரிக்காவுக்கான ஆப்ரினிக். எண் வாங்கிய கம்பெனிகள் உறுப்பினர்கள். சந்தா கட்டுகிறார்கள், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் எண்களைப் பங்கிடும் விதியை எழுதுவது பொதுக் கூட்டம். அங்கே உறுப்பினர் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். உலகம் முழுவதற்கும் பொதுவான விதி என்றால் ஐந்து வட்டாரங்களும் தனித்தனியே ஒப்புக்கொண்ட பிறகுதான் ஐகான் முத்திரை வைக்க முடியும். ஒரு வட்டாரம் தலையாட்டாவிட்டால் விதி இல்லை.

ஏட்டில் பார்த்தால் எவ்வளவு அழகான ஏற்பாடு! நான் கேலி செய்யவில்லை. அந்த ஏற்பாடு ஒரு நல்ல காரியம் செய்ததுண்டு. மேலேயிருந்த கையிருப்பு தீரப்போகிறது என்று தெரிந்தபோது, கடைசி ஐந்து பெருந்தொகுதிகளை வட்டாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது என்று ஐந்து சங்கங்களும் முன்கூட்டியே விதி செய்தன. 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி மியாமி நகரில் அப்படியே கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் 1 கோடியே 67 லட்சம் எண்கள். ஆசியாவுக்கும் ஒன்று, ஆப்பிரிக்காவுக்கும் ஒன்று. ஜனத்தொகைக் கணக்கில் இது நியாயமில்லைதான். ஆனால் "கேட்டவனுக்குக் கொடு" என்று அன்று விட்டிருந்தால், ஆசியாவின் பெரிய கம்பெனிகளே அள்ளிக்கொண்டு போயிருக்கும்; ஆப்பிரிக்காவுக்கு மிச்சம் விழுந்திராது.

அந்த மிச்சம்தான் பிறகு வினையாயிற்று.

ஏனென்றால், சரக்குத் தீர்ந்ததும் சந்தை பிறந்தது. 2011-இல் கனடாவின் நார்டெல் கம்பெனி திவாலாகிக் கிடந்தது. அதன் மேஜை நாற்காலியோடு எண்களும் விலைக்கு வந்தன. 6 லட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சம் எண்களை மைக்ரோசாப்டு 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. எண் ஒன்றுக்குப் பதினோரு டாலர் சொச்சம். இலவசமாக எழுதிக் கொடுத்த பதிவு! எம்.ஐ.டி. தன்னிடமிருந்ததில் ஏறக்குறைய பாதியை 2017-இல் விற்றது; வாங்கியவர் அமேசான். பத்தாண்டில் எண் ஒன்றின் விலை 50 டாலர் வரை ஏறி, பிறகு இறங்கியது. 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் தன் வாடிக்கையாளர்களிடம் எண் ஒன்றுக்கு மணிக்கு அரை சென்ட் வாடகை வசூலிக்கிறது. வருஷத்துக்கு 43 டாலருக்கு மேல். அந்த நேரத்துச் சந்தையில் ஓர் எண்ணின் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரே வருஷ வாடகையில் முதல் திரும்பிவிடுகிறது என்றால், எந்த வட்டிக்கடையில் உண்டு இந்த லாபம்?

இப்போது ஆப்பிரிக்காவுக்கு வருவோம். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கையிருப்பு தீர்ந்த பிறகும் ஆப்ரினிக்கிடம் இருந்தது. விலையில்லாமல், சந்தா கட்டினால் கிடைக்கும் எண்கள். தண்ணீர் வற்றிய ஊர்களுக்கு நடுவில் ஒரே ஒரு குளம்! சும்மா விடுவார்களா?

முதல் திருட்டு வீட்டுக்குள்ளேயே நடந்தது. 2019-இல் வெளிவந்த செய்தி அது. சங்கத்தில் வேலை பார்த்த ஒருவரே பதிவேட்டைத் திருத்தி எண்களை வெளியே விட்டதாகக் குற்றச்சாட்டு. சங்கமே நடத்திய தணிக்கையில் சுமார் 40 லட்சம் எண்கள் முறைகேடாகக் கைமாறியிருந்தது தெரிந்தது. கிராமக் கர்ணம் அடங்கலைத் திருத்தி ஊர் நிலத்தை விற்ற கதைதான். கர்ணமாவது அசல் ஆசாமி நேரில் வந்து கேட்டால் முழிப்பார். இங்கே இல்லாமலே போய்விட்ட பழைய கம்பெனிகளின் பெயரில் இருந்த எண்களும் கைமாறின. கேட்க யார் வருவார்கள்?

இரண்டாவது கதை நான் முதலில் சொன்ன வழக்கு. செஷல்ஸ் தீவில் பதிவான கிளவுட் இன்னொவேஷன் என்ற கம்பெனி 2013 முதல் 2016 வரை ஆப்ரினிக்கிடமிருந்து சுமார் 62 லட்சம் எண்களைப் பெற்றது. விண்ணப்பம் போட்டுத்தான் பெற்றது. திருடியதாக யாரும் சொல்லவில்லை. பிறகு ஆப்ரினிக் கணக்குக் கேட்டது. இந்த எண்கள் ஆப்பிரிக்காவுக்கு வெளியே குத்தகைக்கு விடப்படுகின்றன, விண்ணப்பத்தில் சொன்ன காரியத்துக்குப் பயன்படவில்லை என்று சொல்லி, 2021-இல் திரும்பப் பெறப் போவதாக நோட்டீசு கொடுத்தது. கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. "எண்களை ஆப்பிரிக்காவில்தான் உபயோகிக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? எங்கள் வியாபாரத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்" என்பது கம்பெனியின் வாதம்.

தோழர்களே, எதிரியின் வாதமானாலும் நிறுத்துப் பார்ப்பதுதான் முறை. விதி சரியாக எழுதப்படவில்லை என்பது உண்மை. 62 லட்சத்தைக் கொடுக்கும்போது தூங்கிவிட்டுப் பிறகு விழித்துக்கொண்ட சங்கத்தின் மேல் நமக்கு அனுதாபம் குறைவுதான். ஆனால் ஒரு கேள்வி. ரேஷன் கார்டில் "அரிசியை வெளியே விற்கக் கூடாது" என்று அச்சிடவில்லை என்பதற்காக, மூட்டை மூட்டையாக வாங்கி வெளியூரில் விற்றவன் யோக்கியன் ஆகிவிடுவானா? தேவை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து வாங்கிய பொருள், தேவை இல்லையென்றால் பொதுவுக்குத் திரும்ப வேண்டும். இந்தத் தத்துவத்தின் மேல்தான் ஐந்து சங்கங்களும் நிற்கின்றன. எண் சொத்தல்ல, பதிவேட்டில் ஒரு வரி. அதைச் சொத்தென்று நீதிமன்றம் ஒத்துக்கொள்ளுமானால், பதிவேடு வைத்திருக்கும் சங்கம் வெறும் பத்திரப் பதிவு ஆபீசாகிவிடும்.

பிறகு நடந்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. 5 கோடி டாலர் வரையில் கணக்கு முடக்கம். சில மாதம் கழித்து அது நீங்கியது. ஆனால் வழக்குக்கு மேல் வழக்கு. தேர்தல் நடத்த முடியாமல் நிர்வாகக் குழு ஆள் குறைந்து செயலிழந்தது. தலைமை நிர்வாகி பதவிக்காலம் முடிந்து போனார்; அந்த நாற்காலி காலி. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் ரிசீவர் ஒருவரை நியமித்தது. நொடித்துப்போன மில்லுக்கு நியமிப்பார்களே, அந்த ரிசீவர்! ஒரு கண்டத்தின் பொதுச் சங்கத்துக்கு!

2025 ஜூனில் ஒருவழியாகத் தேர்தல் வைத்தார்கள். ஓட்டுப் போட வந்த இடத்தில் ஒரு பவர் பத்திரம் பற்றித் தகராறு. உறுப்பினர் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போடக் கொண்டுவரும் பத்திரம். சந்தேகம் எழுந்ததும் தேர்தல் நிறுத்தப்பட்டு, பிறகு ரத்தாயிற்று. நம் ஊர்ச் சங்கத் தேர்தலில் செத்தவர் வந்து ஓட்டுப் போடுகிறாரே, அவருக்கு எபேனிலும் உறவினர் உண்டு போலிருக்கிறது. அடுத்த மாதமே, சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று அந்தக் கம்பெனி மனுப்போட்டது. அதையும் தாண்டி 2025 செப்டம்பரில் மறுதேர்தல் நடந்து புதிய குழு வந்தது.

ஐகானும் மற்ற நான்கு சங்கங்களும் இந்த நாலு வருஷமும் என்ன செய்தன? கடிதம் எழுதின. பணம் ஒதுக்கி வைத்தன. அதற்கு மேல் அவர்கள் கையில் விதி இல்லை! புதிய வட்டாரச் சங்கத்தை அங்கீகரிப்பது எப்படி என்று 2001-இல் எழுதிய விதி இருக்கிறது. அங்கீகரித்த சங்கம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை. கல்யாணத்துக்கு மட்டும் பத்திரிகை அடித்தவர்கள் அவர்கள். ஆப்ரினிக்கின் கதி கண்ட பிறகுதான் அதைத் திருத்தி எழுத 2024-இல் ஐந்து வட்டாரங்களிலும் கருத்துக் கேட்கப் புறப்பட்டார்கள்.

இந்த இடத்தில் இரண்டு விதமான நண்பர்கள் குறுக்கே வருகிறார்கள். ஒரு சாரார், "பேசாமல் சந்தைக்கு விட்டுவிடுங்கள், விலை கொடுப்பவன் வாங்கட்டும்" என்கிறார்கள். முதலில் இலவசமாக அள்ளியவன் யார் என்று மேலே சொன்னேன். அவனிடமே விலை கொடுத்து வாங்கு என்று சாட் நாட்டுக்காரனுக்கும் மாலி நாட்டுக்காரனுக்கும் சொல்வதுதான் இந்த யோசனை. மறுசாரார், "சர்க்கார்கள் எடுத்துக்கொள்ளட்டும், ஐக்கிய நாட்டுச் சபையிடம் கொடுங்கள்" என்கிறார்கள். இது கேட்க இனிக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் இனித்தது. 2012-இல் துபாய் மாநாட்டில் சர்க்கார்கள் கூடியபோது ஒப்பந்தத்தில் 89 நாடுகள் கையெழுத்திட்டன, 55 நாடுகள் இடவில்லை. உலகம் இரண்டாகப் பிளந்ததுதான் மிச்சம். கையெழுத்திட்டவர்களில் தன் நாட்டுத் தொழிலாளி ஊர்வலம் போனால் இணையத்தை வெட்டும் சர்க்கார்களும் இருந்தன. முகவரிப் பதிவேட்டையும் அவர்கள் கையில் கொடுத்தால் ஊர்வலக்காரனுக்கு முகவரியே இருக்காது.

அமெரிக்கக் கடிவாளம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2013-இல் அமெரிக்காவின் உளவு லீலைகளை ஸ்னோடன் அம்பலப்படுத்தினார். அந்த அக்டோபரில் ஐகான் தலைவரும் ஐந்து சங்கங்களின் தலைவர்களும் உருகுவே நாட்டு மாண்டிவிடியோவில் கூடி, மேற்பார்வை உலகப் பொதுவாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். 2016 செப்டம்பர் 30-ஆம் தேதி நள்ளிரவோடு அமெரிக்க இலாகாவின் ஒப்பந்தம் முடிந்தது. நான்கு மாநில வழக்கறிஞர்கள் டெக்சாஸ் நீதிமன்றத்தில் கடைசி நாளன்றும் தடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஐகான் இன்றும் கலிபோர்னியாச் சட்டத்துக்கு உட்பட்ட சங்கம்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு வல்லரசின் கையெழுத்து இல்லாமல் பதிவேடு நடக்கும் என்று உலகம் நிரூபித்தது. ஆனால் வல்லரசை வாசலில் நிறுத்தியவர்கள், கொல்லைப்புறத்தில் ஒரு கம்பெனி வக்கீல் நோட்டீசோடு வரும் என்று நினைக்கவில்லை.

"புதிய முறை எண்கள்தான் எண்ணிலடங்காமல் இருக்கின்றனவே, அதற்கு மாறிவிட்டால் தீர்ந்ததே" என்று விஷயம் தெரிந்த தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார். சரிதான். ஆறாம் பதிப்பு என்கிற அந்த முறை 1990-களிலேயே தயாராகிவிட்டது. நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் அதில்தான் ஓடுகிறார்கள். பழைய எண் கிடைக்காத ஏழைக்குப் புதியது ஓடி வந்தது. ஆனால் உலகில் பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். அவர்களோடு பேச நமக்கும் பழைய எண் வேண்டும். கிடங்கில் சரக்கு வைத்திருப்பவனுக்குப் பஞ்சம் தீர என்ன அவசரம்?

நமக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன். இந்தியா ஏப்னிக் வட்டாரத்தில் இருக்கிறது. அதன் தலைமையிடம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். 2023-இல் அங்கே செயற்குழுத் தேர்தல் வந்தபோதும் முறைகேடு என்று புகார்கள் கிளம்பின. விழித்துக்கொண்டார்கள், அதே ஆண்டில் சங்கத்தின் விதிகளைத் திருத்தித் தேர்தலுக்குக் காவல் போட்டார்கள். ஆப்பிரிக்காவில் வந்த நோய் ஆசியாவுக்கு வராது என்று யாரும் நிம்மதியாக இருக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அந்தக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் விமான டிக்கெட்டும், ஓட்டல் அறையும், இங்கிலீஷும், வேலைநாளில் விடுப்பும் உள்ளவன்தான் அந்தக் கதவு வழியே போகிறான். ஆப்பிரிக்காவில் 2013-இல் விதியைச் சரியாக எழுதியிருக்க வேண்டிய கூட்டத்தில் உட்கார வேண்டியவர்கள் தபால் தந்தித் தொழிற்சங்கத்தார், பல்கலைக்கழகத்தார், சிறு ஊர்களுக்கு இணையம் கொடுக்கும் சிறு வியாபாரிகள். யாருடைய நாற்காலி அங்கே காலியாக இருந்ததோ, அவர்களுடைய எண்தான் இன்று ஹாங்காங் சந்தையிலும் அமெரிக்கச் சந்தையிலும் வாடகைக்குப் போகிறது.

நம் நாட்டில் இந்த எண்களை வாங்கிப் பங்கிடும் பதிவகம் ஒன்று சர்க்கார் ஆதரவில் நடக்கிறது. அதில் உறுப்பினர் யார், விதியை எழுதும் கூட்டம் எப்போது, அங்கே நம் தொலைத்தொடர்பு ஊழியர் சங்கத்தின் குரல் உண்டா என்று நாடாளுமன்றத்திலுள்ள நம் தோழர்கள் ஒரு கேள்வி போட வேண்டும். பி.எஸ்.என்.எல். ஊழியர் சங்கத்தினர், ஏப்னிக்கின் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து, ஆங்கிலம் சரளமாக வரும் ஒரு இளம் தோழரையாவது அதற்குத் தயார் செய்ய வேண்டும். டிக்கெட்டுக்குப் பணமில்லை என்றால், வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளவும் அந்தக் கூட்டங்களில் வழி இருக்கிறது.